பகல் மூன்று மணிக்குள் கரை: அயோனியத் தீவுகளில் ஒரு பாய்மரப் பயணம்

கிளம்பும் முன்

யோசனை என் மச்சினனுடையது. சென்னைத் துறைமுகத்துக்குள் இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பில் அவன் சில வருடங்களாகச் சின்னப் பாய்ப்படகு ஓட்டுகிறான். 1911-இல் தொடங்கிய கிளப் அது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் நனைந்துவிட்டு வருவான். "அத்தான், கிரீஸ்ல படகை வாடகைக்கு எடுத்து நாமளே ஓட்டிட்டுத் தீவு தீவாப் போகலாம்" என்று அவன் ஆரம்பித்தபோது என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "பாத்ரூம் இருக்குமாடா?" நல்ல கேள்வி. அதற்கு அப்புறம் வருகிறேன்.

"நாமளே ஓட்டிட்டு" என்பது நடக்கவில்லை. கிரீஸில் வெறும் படகை மட்டும் வாடகைக்கு எடுக்க வேண்டுமென்றால், பொறுப்பேற்பவரிடம் அங்கே செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும். கூடவே படகு தெரிந்த இன்னொரு ஆளும் வேண்டும். இரண்டு பேர் உட்காரும் டிங்கியை ஓட்டிய பழக்கம் 45 அடிப் படகுக்குச் செல்லாது. ஃப்ளோட்டில்லா என்று ஒன்று உண்டு: பத்துப் பன்னிரண்டு படகுகள் ஒரு வழிகாட்டிப் படகோடு சேர்ந்து போகும். அதிலும் அவரவர் படகை அவரவர்தான் ஓட்ட வேண்டும். எங்களுக்கு மிஞ்சியது, ஸ்கிப்பரோடு, அதாவது படகை ஓட்டிப் பொறுப்பும் ஏற்பவரோடு, சேர்த்து எடுப்பது. மச்சினன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அப்புறம் சரியென்றான்.

ஸ்கிப்பர் வந்தால் அவருக்கு நாள் கூலி, சாப்பாடு, படுக்க ஒரு கேபின் மூன்றும் உண்டு. கேபினை மறந்துவிட்டுப் படகு தேடுகிறவர்கள் நிறையப் பேர். நாங்கள் இரண்டு ஜோடி, என் மகள், ஸ்கிப்பர். ஆகவே நான்கு கேபின். அதனால்தான் 45 அடி. மூன்று கேபின் படகு எடுத்து மகளை நடுக்கூடத்து சோபாவில் படுக்க வைத்திருக்கலாம், காசும் குறைந்திருக்கும். ஆனால் இரவு ஒரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுகிற ஒவ்வொருவரும் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும்.

எந்தக் கடல் என்பதில்தான் நிறைய நாள் போனது. கிரேக்கத் தீவு என்றதும் எல்லோர் மனதிலும் வருவது சாந்தோரினி, மிக்கோனோஸ், வெள்ளை வீடு, நீலக் கதவு. அவை ஏகியன் கடலில் இருக்கின்றன. கோடையில் அங்கே மெல்தெமி என்ற வடகாற்று நாள்கணக்கில் விடாமல் வீசும். படகுக்காரர்களே துறைமுகத்தை விட்டு நகராமல் உட்கார்ந்திருக்கும் நாட்கள் உண்டு. முதல் தடவை போகிறவர்களுக்கு மேற்குப் பக்கத்து அயோனியக் கடல்தான் சரி என்று படித்த இடமெல்லாம் ஒரே குரலில் சொன்னது. தீவுகள் நெருக்கம், அலை குறைவு, ஒரு தீவிலிருந்து பார்த்தால் அடுத்தது தெரியும். அங்கேயும் காற்று உண்டு. மாயிஸ்ட்ரோ என்று பெயர். வடமேற்கிலிருந்து மதியம் கிளம்பி, சாயங்காலம் வரை வீசி, இருட்டியதும் அடங்கிவிடும். நேரம் தவறாத காற்று.

மாதம், மே கடைசி. மகளுக்கு ஜூனில் பள்ளி திறந்துவிடும் என்பதே காரணம், வேறு ஆராய்ச்சி ஒன்றும் இல்லை. கடல் அப்போது குளிராகத்தான் இருக்கும். ஆனால் ஜூலை ஆகஸ்ட் கூட்டம் இருக்காது, வாடகையும் குறைவு.

வாடகையைப் பற்றி ஒரு வார்த்தை. விளம்பரத்தில் போட்டிருக்கும் தொகை பாதிக் கதைதான். ஸ்கிப்பர் கூலி (எங்களுக்கு ஒரு நாளைக்கு 180 யூரோ), கடைசி நாள் சுத்தம் செய்யும் கட்டணம், டீசல், கிரேக்க அரசின் படகு வரி, கார்டில் நிறுத்தி வைக்கும் டெபாசிட் எல்லாம் தனி. இணையத்தில் ஓர் ஏஜென்ட் கடைசி வரை வரியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. பில் அனுப்பச் சொன்ன பிறகுதான் அது முளைத்தது. அவரை விட்டுவிட்டு வேறு இடத்தில் எடுத்தோம். வாடகை பெரும்பாலும் சனிக்கிழமை தொடங்கிச் சனிக்கிழமை முடியும். ஆனால் படகை வெள்ளி சாயங்காலமே கொண்டுவந்து சேர்த்துவிட வேண்டும்.

மச்சினன் எக்செல் ஷீட் ஒன்று தயாரித்திருக்கிறான். லெஃப்காதாவில் ஆரம்பித்து இதாக்கா, கெஃபலோனியா, தெற்கே ஜாகிந்தோஸ் வரை போய், திரும்பி வடக்கே பாக்ஸோஸ். நாள் வாரியாக, மணி வாரியாக, நிறம் நிறமாக.

சூட்கேஸ் வேண்டாம், மடக்கி வைக்கக்கூடிய துணிப்பைதான் வேண்டும் என்று கம்பெனி கடிதத்தில் தடித்த எழுத்தில் இருக்கிறது. மனைவி குக்கரைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டிருக்கிறாள்.

சனி: லெஃப்காதா

ஏதென்ஸிலிருந்து பஸ். ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. ப்ரெவேசா பக்கத்தில் விமான நிலையம் இருக்கிறது, அங்கிருந்து டாக்சியில் அரை மணி நேரம்தான். எங்களுக்குச் சரியான விமானம் கிடைக்கவில்லை. பஸ்ஸில் வந்ததில் ரியோ–அந்திரியோ பாலத்தைப் பார்த்தோம். கொரிந்து வளைகுடாவின் வாயில் 2004-இல் திறந்த பாலம், 2880 மீட்டர். நான்கு பெரிய தூண்கள். பூகம்பம் வந்தால் கடலடியில் கொஞ்சம் நகர்ந்து கொடுக்கும்படி கட்டியிருக்கிறார்கள்.

லெஃப்காதா தீவுதான், ஆனால் கப்பல் இல்லாமலே போய்விடலாம். கரைக்கும் தீவுக்கும் நடுவே ஒரு கால்வாய். அதன் மேல் ஒரு மிதவைப் பாலம். ஊருக்குள் வீடுகளைப் பார்த்து மகள், "என்னப்பா, மாடியெல்லாம் தகரத்துல இருக்கு?" என்றாள். கீழ்த்தளம் கல், மேல்தளம் மரச்சட்டம், அதன் மேல் வண்ணமடித்த நெளிதகடு. பூகம்பத்துக்குப் பயந்து மேல்பாரத்தைக் குறைத்துக் கட்டியவை. இந்த ஊர் அடிக்கடி ஆடியிருக்கிறது.

ஐந்து மணிக்குப் படகைக் கையில் கொடுத்தார்கள். கொடுத்தார்கள் என்றால், கம்பெனிப் பையன் ஒருவன் ஒன்றரை மணி நேரம் பாடம் எடுத்தான். லைஃப் ஜாக்கெட் எண்ணிக்கை, தீயணைப்பான், கேஸ் வால்வு, வயர்லெஸ்ஸில் 16-ஆம் சேனல், நங்கூர மோட்டாரின் ஃப்யூஸ் எங்கே. பழைய கீறல்களையெல்லாம் நான் போனில் படம் எடுத்துக்கொண்டேன். டெபாசிட் நம்முடையதாயிற்றே.

இப்போது பாத்ரூம். இருக்கிறது, இரண்டு. சைக்கிள் பம்ப் மாதிரி ஒரு கைப்பிடி. அதை அடித்தால் கடல் தண்ணீர் உள்ளே வரும், லீவரை மாற்றிப் போட்டு அடித்தால் எல்லாம் வெளியே போகும். "வாய் வழியா உள்ளே போனது மட்டும்தான் இதுக்குள்ளே விழணும். பேப்பர் கூடாது" என்றான் பையன். வெள்ளைக்காரர்களுக்கு அது பெரிய துன்பமாம். நமக்கு என்ன? வாஷ்பேசின் குழாயை இழுத்தால் நீளமான ஹோஸோடு வெளியே வருகிறது, குளிப்பதற்காக. மனைவியும் மச்சினன் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிரச்சினை தீர்ந்தது.

சூப்பர் மார்க்கெட்டில் அரிசி, தக்காளி, வெங்காயம், ஆட்டுப்பால் தயிர். இந்தத் தீவின் மலைக் கிராமம் எங்லூவி, பருப்புக்குப் பெயர் போனது. சின்னச் சின்னதாக இருக்கும் மசூர் வகை. சாக்கில் போட்டு விற்கிறார்கள். நம் ஊர் விலையை நினைத்தால் வாங்கத் தோன்றாது. வாங்கினோம்.

ஏழு மணிக்கு ஸ்கிப்பர் வந்தார். ப்ரெவேசாக்காரர், முப்பது வயதுகூட இருக்காது. மச்சினன் லேப்டாப்பைத் திறந்து எக்செல்லைக் காட்டினான். அவர் பொறுமையாகக் கடைசி வரி வரை பார்த்தார். "நல்ல பிளான். மூணு வாரத்துக்குச் சரியா வரும்" என்றார்.

பிறகு வரைபடத்தை விரித்துக் கணக்குச் சொன்னார். இந்தப் படகு சராசரியாக மணிக்கு 5 கடல் மைல் போகும். ஒரு கடல் மைல் 1.85 கிலோமீட்டர். 30 மைல் என்றால் ஆறு மணி நேரம், அதுவும் நேராகப் போனால். ஜாகிந்தோஸ் போவது பெரிதல்ல, காற்றை எதிர்த்துத் திரும்பி வருவதுதான் பெரிது. தூரத்தைவிட முக்கியமான இன்னொரு கணக்கு உண்டு. சின்னத் துறைமுகங்களில் இருபது முப்பது படகுக்குத்தான் இடம். முன்கூட்டிப் பதிவு கிடையாது, முதலில் வந்தவருக்கு இடம். ஆகவே பகல் மூன்று மணிக்குள் கரையில் கட்டியாக வேண்டும். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால், எத்தனை மணிக்குக் கிளம்புவது, எங்கே குளிப்பது, எவ்வளவு தூரம் போவது எல்லாம் தானாக வந்துவிடும். பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போட்டார். மெகனீசி, கலமோஸ், இதாக்கா, கெஃபலோனியாவின் வடமுனை, திரும்ப லெஃப்காதா. ஜாகிந்தோஸும் பாக்ஸோஸும் வட்டத்துக்கு வெளியே போயின.

எனக்கு அது பிடித்திருந்தது. மச்சினன் லேப்டாப்பை மூடினான்.

ஞாயிறு: மெகனீசி

காலையில் காற்றே இல்லை. மிதவைகளுக்கு நடுவே கால்வாயில் இன்ஜின் போட்டுத் தெற்கே போனோம். இரண்டு பக்கமும் ஆழம் இல்லாத உப்பங்கழி, கொக்குகள். கால்வாய் முடிந்ததும் கடல் சட்டென்று அகன்றது. வலப்பக்கம் நிதிரி. ஜெர்மன் அகழ்வாராய்ச்சியாளர் டார்ப்ஃபெல்ட் இங்கே தோண்டி, ஹோமரின் காவியத்தில் வரும் வீரன் ஒடிசியஸின் தீவான இதாக்கா இன்றைய இதாக்கா அல்ல, லெஃப்காதாதான் என்று வாதாடினார். அவர் கல்லறையும் நிதிரிக்கு எதிர்க்கரையில் இருக்கிறது. அறிஞர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. ஆனால் லெஃப்காதாக்காரர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள், நம் ஸ்கிப்பர் உட்பட.

இடப்பக்கம் ஸ்கோர்பியோஸ். ஒரு காலத்தில் கப்பல் முதலாளி ஒனாசிஸின் தீவாக இருந்தது. 1968 அக்டோபர் 20-இல் ஜாக்குலின் கென்னடியை அவர் மணந்துகொண்ட இடம். மரங்கள் அடர்ந்து கிடக்கிறது. கரையில் இறங்க விட மாட்டார்கள், தள்ளி நின்று குளிக்கலாம். தண்ணீர் எதிர்பார்த்ததைவிடக் குளிர். மகள் குதித்து ஒரு சத்தம் போட்டாள், மெகனீசி வரைக்கும் கேட்டிருக்கும்.

மதியம் ஒரு மணிக்கு, சொல்லி வைத்தது போலக் காற்று வந்தது. முதலில் தண்ணீரின் மேல் கருப்பாக ஒரு பட்டை, பிறகு அது எங்களை நோக்கி நகர்ந்தது. பாயை விரித்து இன்ஜினை நிறுத்தினார் ஸ்கிப்பர். இந்த இடத்தில் எல்லோரும் "என்ன அமைதி!" என்று எழுதுவார்கள். அமைதியெல்லாம் இல்லை, கயிறு முனகுகிறது, அலமாரிக்குள் டம்ளர்கள் உருள்கின்றன, மனைவி "குக்கர் எங்கே?" என்கிறாள்.

ஸ்பார்தோஹோரிக் கிராமம் மேட்டின் மேல் இருக்கிறது. கீழே உணவகம் ஒன்று படகு கட்ட மேடை வைத்திருக்கிறது. கட்டுவதற்குக் காசு இல்லை, ராத்திரி அங்கே சாப்பிட்டால் போதும். இரண்டரைக்குக் கட்டிவிட்டோம். மூன்றரைக்கு வந்த படகுகள் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு அடுத்த குடாவுக்குப் போயின.

திங்கள்: கலமோஸ்

பகலில் போர்த்தோ லியோனே என்ற குடாவில் நங்கூரம் போட்டோம். 1953 பூகம்பத்துக்குப் பிறகு மக்கள் விட்டுப் போன ஊர். கூரையில்லாத கல் வீடுகள், எண்ணெய் ஆட்டிய செக்கின் கல், நடுவே அத்திமரம். கோயில் மட்டும் வெள்ளையடித்து நன்றாக இருக்கிறது. கலமோஸ்காரர்கள் வந்து பார்த்துக்கொள்கிறார்கள். குக்கரில் எங்லூவிப் பருப்பு, வீட்டிலிருந்து கொண்டுவந்த சாம்பார்பொடி. ஸ்கிப்பர் இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார். "எங்க பாட்டி இதுல வினிகர் ஊத்துவாங்க, நீங்க புளி ஊத்துறீங்க" என்றார்.

அடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அடுப்பு ஊஞ்சல்போல ஆடிச் சமமாகவே நிற்கும். பாத்திரத்தைப் பிடிக்க இரும்புக் கவ்வி. ஆனால் சமைக்கிறவளுக்குக் கவ்வி இல்லை. ஓடும்போது சமைக்க வேண்டாம் என்று இன்று முடிவாகிவிட்டது. மின் அடுப்பு, மிக்ஸி எதுவும் கரையில் கரண்ட் கிடைத்தால்தான்.

கலமோஸ் துறைமுகத்தில்தான் கட்டுவது எப்படி என்று முழுதாகப் பார்த்தேன். இங்கே படகைப் பக்கவாட்டில் நிறுத்தினால் இடம் போதாது. அதனால் பின்பக்கத்தைக் கரைக்குக் கொடுத்து வரிசையாகக் கட்டுகிறார்கள். கரையிலிருந்து நான்கைந்து படகு நீளம் தள்ளி முன்பக்கத்திலிருந்து நங்கூரத்தை இறக்கி, சங்கிலியை விட்டுக்கொண்டே பின்னால் வர வேண்டும். மகள் முன்னால் ரிமோட்டில் சங்கிலி விட்டாள். மச்சினன் பின்னால் கயிற்றோடு நின்றான். நானும் மனைவியும் ஃபெண்டர் என்கிற காற்றடைத்த உருளைகளை அடுத்த படகுக்கும் எங்களுக்கும் நடுவே தொங்கவிட்டோம். மலையிலிருந்து காற்று குபீர் குபீரென்று இறங்கி முன்பக்கத்தைத் தள்ளியது. ஸ்கிப்பர் பதறவே இல்லை. நடுவில் ஒரு தடவை வெளியே போய், திரும்ப வந்தார். கரையில் உணவகக்காரர் ஒருவர் நின்று கயிற்றை வாங்கி வளையத்தில் மாட்டி, முனையைத் திருப்பி எறிந்தார். காற்று வரும் பக்கத்துக் கயிற்றை முதலில் கட்ட வேண்டும். இது மாறினால் படகு பக்கத்து வீட்டுக்காரர் மேல் போய்ச் சாயும்.

நாலு மணிக்கு மேல் வரிசையில் உட்கார்ந்து, புதிதாக வரும் படகுகள் கட்டுவதைப் பார்ப்பதுதான் இந்த ஊரில் பொழுதுபோக்கு. ஒயின் கிளாஸோடு எல்லாப் படகிலும் ஆட்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். உதவியும் செய்கிறார்கள், சொல்ல வேண்டும். ஒரு கணவனும் மனைவியும் சங்கிலியை விடு, விடாதே என்று கத்திக்கொண்டது எந்த மொழி என்று தெரியவில்லை. அர்த்தம் புரிந்தது.

செவ்வாய்: இதாக்கா, கியோனி

ஏழு மணிக்கே கிளப்பிவிட்டார். கியோனி அழகான ஊர் என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் சீக்கிரம் நிரம்பும். காலைக் கடல் எண்ணெய் ஊற்றியதாகக் கிடந்தது, முழுக்க இன்ஜின்தான். பத்தரைக்கே போய்ச் சேர்ந்தோம். துறைமுக முனையில் இடிந்த காற்றாலைகள் மூன்று. நேற்று ராத்திரி தங்கிய படகுகள் கிளம்பிப் போக, அவர்கள் விட்ட இடத்தில் நுழைந்தோம்.

இப்படிச் சீக்கிரம் கட்டுவதில் உள்ள லாபம், ஊரைப் பார்க்க நேரம் கிடைக்கிறது. டாக்சியில் ஸ்தாவ்ரோஸ் போனோம். ஊர்ச் சதுக்கத்தில் ஒடிசியஸ் மார்பளவுச் சிலை. அதைவிட எனக்குப் பிடித்தது சின்ன அருங்காட்சியகத்தில் இருக்கும் ஓர் ஓட்டுத்துண்டு. பக்கத்தில் போலிஸ் என்ற பெயருள்ள குடாவில் ஒரு குகையை 1930-களில் சில்வியா பென்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் தோண்டியபோது கிடைத்த சுடுமண் முகமூடித் துண்டு. அதில் 'ஒடிசியஸுக்குக் காணிக்கை' என்று கீறியிருக்கிறது. கிறிஸ்துவுக்கு முன் இரண்டு அல்லது முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆக, இது அவன் தீவா இல்லையா என்பது ஒரு பக்கம் இருக்க, இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே இந்த ஊர் ஆட்கள் அவனுக்குக் காணிக்கை வைத்திருக்கிறார்கள். ஸ்கிப்பரிடம் சொன்னேன். "அது பின்னாடி காலத்து ஆளுங்க வெச்சது" என்றார். லெஃப்காதா கட்சியை விட்டுக்கொடுப்பதாக இல்லை.

புதன்: ஃபிஸ்கார்தோ

காலையில் நங்கூரத்தைத் தூக்கினால் பாதியில் மோட்டார் திணறியது. பக்கத்தில் நேற்று மாலை வந்தவர்களின் சங்கிலி எங்கள் நங்கூரத்தின் மேல் குறுக்கே விழுந்திருந்தது. நங்கூரம் தண்ணீருக்கு மேல் வந்தபோது அவர்களுடைய சங்கிலி அதன் கொக்கியில் மாலையாகத் தொங்கியது. பக்கத்துப் படகில் ஒருவர் காபிக் கோப்பையோடு எழுந்து நின்றார்.

ஸ்கிப்பர் மச்சினனைக் கூப்பிட்டார். ஒரு கயிற்றை அந்தச் சங்கிலிக்கு அடியில் விட்டு மேலே வாங்கி, இரண்டு முனையையும் எங்கள் படகின் கட்டையில் இழுத்துக் கட்டச் சொன்னார். இப்போது சங்கிலியின் பாரம் கயிற்றில். எங்கள் நங்கூரத்தை ஓரடி இறக்கினார். கொக்கி சங்கிலியை விட்டு நழுவியது. படகைக் கொஞ்சம் பின்னால் எடுத்து, "இப்ப ஒரு முனையை மட்டும் விடு" என்றார். சங்கிலி தொபீரென்று தண்ணீருக்குள் போனது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. காபிக்காரர் கோப்பையை உயர்த்திக் காட்டினார். ஸ்கிப்பருக்குக் கொடுக்கும் கூலியைப் பற்றி மச்சினன் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

இதாக்காவின் வடமுனையைச் சுற்ற வேண்டும், காற்று வடமேற்கு. எதிர்க்காற்றில் நேராகப் போக முடியாது. இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம் என்று வெட்டி வெட்டித்தான் போக வேண்டும். ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் ஒரு பக்கக் கயிற்றை விட்டு, மறுபக்கத்தை உருளையில் மூன்று சுற்றுப் போட்டு இழுக்க வேண்டும். என் வேலை விடுவது, மச்சினன் வேலை இழுப்பது. சுற்றும்போது விரல் உள்ளே போகக் கூடாது என்று ஸ்கிப்பர் சொன்னது சொன்னபடி இருந்தது. படகு நன்றாகவே சாய்ந்தது. சுக்கான் மகள் கையில்; முகமெல்லாம் சிரிப்பு. என் மனைவி ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் எவ்வளவு சாயும்?" என்றாள். அடியில் ஈயமோ இரும்போ கட்டிய எடை இருக்கிறது, சாயச் சாய அது திரும்ப நிமிர்த்தும் என்று ஸ்கிப்பர் விளக்கினார். "சரி, ஆனா பாயைச் சுருக்குங்க" என்றாள். சுருக்கினார். வேகம் குறையவே இல்லை. சாய்வு மட்டும் குறைந்தது. சுருக்கலாமா என்று யோசனை வருகிறபோதே சுருக்கிவிட வேண்டும் என்பது படகுக்காரர்கள் வழக்கமாம்.

ஃபிஸ்கார்தோ 1953 பூகம்பத்தில் பெரிதாகச் சேதமாகாமல் தப்பிய ஊர். கெஃபலோனியாவின் மற்ற ஊர்கள் பெரும்பாலும் அதற்குப் பின் கட்டியவை. இங்கே வெனிஸ்காரர்கள் காலத்துச் சாயலில் வீடுகள். பெயர் வந்தது 1085-இல் இந்தத் தீவில் இறந்த நார்மன் தளபதி ராபர்ட் கிஸ்கார்டிலிருந்து. அழகுதான், ஆனால் விலை! ஒரு காபிக்குக் கொடுத்த காசில் கலமோஸில் இரண்டு குடித்திருக்கலாம். வந்து சேர்ந்தது மூன்றேகால். கரையில் இடமில்லை. எதிர்ப்பக்கத்துப் பாறைக்குக் கயிறு கட்டி, சின்ன ரப்பர் படகில் ஊருக்குள் போய் வந்தோம்.

வியாழன்: சிவோட்டா

நல்ல நாள் என்றால் இதுதான். 11 மைல், காற்று பக்கவாட்டில், இரண்டு மணி நேரம் ஒரு கயிற்றைக்கூடத் தொடவில்லை. வலப்பக்கம் ஆளில்லாத அர்குதித் தீவு. இடப்பக்கம் தூரத்தில் லெஃப்காதாவின் தென்முனை, வெள்ளைச் செங்குத்துப் பாறை, மேலே கலங்கரை விளக்கம். கவிஞர் சாஃபோ காதல் தோல்வியில் அங்கிருந்துதான் குதித்தாள் என்று கதை. எல்லோரும் மேலே படுத்துக் கிடந்தோம். குடிக்கும் தண்ணீர் பாட்டிலில் இருக்கிறது; டாங்கித் தண்ணீர்தான் குறைந்துகொண்டு வருகிறது. கடலில் குளித்து, பின்பக்கக் குழாயில் ஒரு நிமிடம் அலசிக்கொள்வது பழகிவிட்டது.

லெஃப்காதாத் தீவின் தெற்கே இருக்கும் சிவோட்டாவில் ஸ்கிப்பர் சுக்கானை விட்டு நகர்ந்து, "நீ கட்டு" என்றார் மச்சினனிடம். மச்சினன் முகத்தில் ரத்தமே இல்லை. முதல் தடவை கோணலாக வந்தது, வெளியே போனான். அடுத்த தடவை உள்ளே வந்து நின்றது. கரையில் கயிறு வாங்க வந்த பையன் ஸ்கிப்பரைப் பார்த்து ஏதோ கேட்டான். அவர் தோளைக் குலுக்கிச் சிரித்தார். என்னவென்று கேட்கவில்லை.

வெள்ளி: திரும்ப லெஃப்காதா

டீசல் நிரப்பித்தான் ஒப்படைக்க வேண்டும். நாலு மணிக்கு மேல் போனால் பங்க்கில் வரிசை நிற்கும் என்று ஒரு மணிக்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். பாதி நேரம் பாயில் வந்ததால் டீசல் அதிகம் போகவில்லை. கம்பெனி ஆள் முகமூடி மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி அடிப்பக்கத்தைப் பார்த்தார். மேலே இன்னொருவர் முன்பக்கத்தில் ஒரு கீறலைத் தடவிக்கொண்டு நின்றார். சனிக்கிழமை எடுத்த படத்தைக் காட்டினேன். சரி என்று போய்விட்டார். டெபாசிட்டை விடுவிக்கும் காகிதம் கைக்கு வந்தது. காலை ஒன்பது மணிக்குப் படகைக் காலி செய்ய வேண்டும். ஏதென்ஸ் பஸ்ஸுக்கு டிக்கெட் வாங்கியாகிவிட்டது.

ஸ்கிப்பர் மச்சினனுக்கு ஒரு சின்ன நோட்டில் இந்த வாரத்து மைலையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்: 70-க்குக் கொஞ்சம் மேல். 'டே ஸ்கிப்பர்' என்கிற பிரிட்டிஷ் கோர்ஸில் சேர்வதற்கு முன் 100 மைலும், ராத்திரியில் ஓடிய நாலு மணி நேரமும் இருப்பது நல்லதாம். கோர்ஸ் ஐந்து நாள். அதை முடித்தால் ஸ்கிப்பர் இல்லாமல் எடுக்க வழி திறக்கும்.

"அத்தான், இன்னும் முப்பது மைல்தான். செப்டம்பர்ல காலாண்டு லீவு வருது" என்றான். என் மனைவி பையில் குக்கரை வைத்துக்கொண்டே, "ராத்திரி நாலு மணி நேரத்துக்கு நாங்க வர மாட்டோம்" என்றாள். அவன் லேப்டாப்பைத் திறந்திருக்கிறான்.